ஜோடிக் கல்

என் முகம் அவர் மனதில் கடைசிவரை தங்கவே இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் ஒரே அறையில், நான்கடி தூரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் நான் உள்ளே நுழைந்தால், "பார்ட்டிங்கல்லாம் வெளிய உக்காருங்க, பத்து மணிக்குத்தான் பாப்போம்" என்பார். நான் பக்கத்தில் போய் நிற்பேன். என் மூக்குத்தியில் அவர் கண் பட்டதும், "ஓ, நீயா. டீ குடிச்சியா?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை போதும், என் முகம் அவருக்கு அழிந்துவிடும். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. அப்புறம் பழகிப்போய், திங்கட்கிழமைகளில் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டே உள்ளே போக ஆரம்பித்தேன்.

ஓசூரில் பாகலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வைரப் பரிசோதனைக் கூடம். கூடம் என்பது பெரிய பேச்சு. ஒரே அறை, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். நகைக்கடைக்காரர்களும் வீட்டு ஆட்களும் கொண்டுவரும் கல்லை வாங்கி, எடை போட்டு, எண் எழுதி ரசீது கொடுப்பேன். அந்தப் பக்கம் அவர். கல்லைப் பார்த்து அதன் தரம் என்ன என்று சொல்வார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தால் அதுதான் ரிப்போர்ட். நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசும் ஓசூர்க்காரர். காதிலும் மூக்கிலும் ஒரு பொட்டுக் கல் கிடையாது.

அந்த அறைக்குள் நிறம் நுழையக் கூடாது. சுவர் சாம்பல் நிறம், திரை சாம்பல் நிறம், அவருடைய புடவை எப்போதும் சாம்பல் அல்லது வெள்ளை. நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், ஆசையாக வாங்கிய மாம்பழக் கலர் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். அன்று முழுக்க எல்லாக் கல்லும் மஞ்சளாகத் தெரிந்தது என்று மாலையில் சொல்லி, எனக்கு ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். மதியம் அவர் சாப்பிடுவது வெறும் தயிர்சாதம். ஊறுகாய் கூடக் கிடையாது. விரல் நுனியில் மஞ்சள் ஒட்டினால், அது கல்லின் விலையில் பாதியைத் தின்றுவிடும் என்பார். வெள்ளிக்கிழமைகளில் முகம் நிறைய மஞ்சள் பூசிக்கொண்டு வரும் அம்மாக்களை வாசல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவார். அவர்கள் முணுமுணுப்பார்கள். நான்தான் காபி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வேன்.

அவர் கல்லைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. முதலில் ஸ்பிரிட்டில் கழுவித் துடைப்பார். பிறகு இடுக்கியில் பிடித்து அதன் மேல் ஒரு முறை மூச்சு விடுவார். வைரமாக இருந்தால் மூச்சின் ஈரம் அதன் மேல் நிற்காது, பட்டதும் மறைந்துவிடும். அடுத்து, வெள்ளை அட்டையை மடித்து, அந்த மடிப்பில் கல்லைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். முகம் மினுக்கி ஏமாற்றும், நிறத்தை முதுகுப் பக்கம்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில், சுத்த வெள்ளையிலிருந்து மஞ்சள் வரை வரிசையாக வைத்த மாதிரிக் கற்கள் இருக்கும். வந்த கல் அந்த வரிசையில் எந்த இரண்டுக்கு நடுவில் போய் உட்காரும் என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் லென்ஸ். உள்ளே புள்ளி, கோடு, மேகம், இறகு மாதிரி விரிசல் என்று என்ன இருக்கிறது என்பதை ஒரு படத்தில் வரைவார். படம் இரண்டு வட்டம். ஒன்று கல்லின் மேல்பக்கம், இன்னொன்று அடிப்பக்கம். கல்லின் உள்ளே இருக்கும் குறைக்குச் சிவப்பு மை, மேலே இருக்கும் காயத்துக்குப் பச்சை மை. எடையும் வெட்டும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு கற்கள், உள்ளே இருக்கும் ஒரு சின்ன மேகத்தால் மலைக்கும் மடுவுக்குமாக விலை பிரிந்துபோவதை நான் தினமும் பார்த்தேன். படத்தை மட்டும் அவரே வரைவார். எனக்கு அது கோலம் போலத் தெரியும், அவ்வளவுதான்.

"உள்ள இருக்கறத மட்டும் எழுது" என்பார். அதுதான் அவர் வேதம். மந்திரி வீட்டுக் கல்லாக இருந்தாலும் ஒரு படி உயர்த்த மாட்டார். ஒரு நகைக்கடைக்காரர், சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெட்டி மல்கோவா அனுப்பினார். அவருடைய கல் பொட்டலம் ஒன்று அப்போது சோதனைக்காக எங்களிடம் இருந்தது. மேடம் பெட்டியைத் திறந்து, இருபத்திநான்கு பழத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூடி, மேலே ஒரு சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார். 'மூன்று அழுகல், இரண்டில் வண்டு' என்று அந்தச் சீட்டில் இருந்தது. அந்தக் கடைக்காரர் அதன் பிறகு எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சோதிப்பவர் கல் வாங்கக் கூடாது என்பதும் அவர் வைத்திருந்த சட்டம். வாங்க நினைத்தால் கண் பொய் சொல்லும் என்பார். நீங்கள் ஏன் ஒன்றும் போடவில்லை என்று ஒரு முறை கேட்டேன்.

"எந்தக் கல்லு போட்டாலும், அது முன்னாடி யாருகிட்ட இருந்துச்சுன்னு ஞாபகம் வந்துட்டே இருக்கும்மா. தூங்க முடியாது" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு முறை லென்ஸ் வழியாகப் பார்த்த கல்லை அவர் மறக்கவே மாட்டார். உள்ளே இருக்கும் புள்ளியையும் கோட்டையும் வைத்து, அது இரண்டு வருடம் கழித்து வேறு நகையில், வேறு ஊர் ஆளோடு வந்தாலும், "இது இங்க வந்திருக்கே" என்பார். ஒரு நாள் காவேரிப்பட்டணம் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் மாம்பழக் கூழ் ஆலை வைத்திருப்பவர். கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஒரு டாலர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதைச் சோதித்துக்கொண்டு போகலாம் என்று மனைவிதான் அவரை இழுத்து வந்திருந்தார். மேடம் பார்த்துவிட்டுத் தலை நிமிராமல் சொன்னார்.

"நல்ல கல்லு. போன பங்குனியில வந்துச்சு. அப்ப மோதிரமா இருந்துச்சு. சின்ன விரலுக்குப் போடற லேடீஸ் மோதிரம்."

மனைவி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அவர் விரல்களுக்குச் சின்ன மோதிரம் எதுவும் ஏறாது.

"ஆள் மாத்திச் சொல்றீங்க மேடம்" என்றார் கணவர்.

"ஆளு எனக்குத் தெரியாதுங்க. கல்லுதான் தெரியும்."

நான் பங்குனி மாதப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கணவரின் பெயர்தான் இருந்தது. "வேற யாரோதாங்க" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினேன். அவர்கள் படியிறங்கும்போது அந்த அம்மாவின் முதுகைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. மேடம் அடுத்த கல்லுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பாவம், மேடத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள், கறுப்புத் துணி மூடிய பெட்டிக்குள் என்னையும் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஊதா விளக்கு. தட்டில் நாற்பது ஐம்பது பொடிக் கற்கள். விளக்கை அணைத்தார். இருட்டில் ஏழெட்டுக் கற்கள் மட்டும் அணையாமல் நீலமாக எரிந்துகொண்டிருந்தன.

"இதெல்லாம் மெஷின்ல வளர்த்தது" என்றார் என் காதருகே. "பூமிக்குள்ள இருந்து வந்ததுல பெரும்பாலும் விளக்கு போனா அதுவும் போயிடும். இதுல சிலதுக்கு விளக்கு போனது தெரியாது பாரு."

அவை ஒவ்வொன்றாக மங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்தபோது பகல் வெளிச்சம் கண்ணைக் கூசியது.

ஆனால் அவரிடம் எனக்கு முதலில் வந்த பயம் அதற்கெல்லாம் முந்தையது. வேலைக்குச் சேரப் போன அன்றே வந்தது. என் சான்றிதழ்களை அவர் தொடக்கூட இல்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, "மூச்சப் புடிச்சுக்கோ" என்று சொல்லி, என் மூக்குக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"இது அறுத்த கல்லு. ஒரே கச்சாக் கல்ல நடுவுல அறுத்து ரெண்டாக்குனது. உள்ள ஒரு வெள்ளக் கோடு ஓடுது. ஓடி வந்து ஓரத்துல அறுந்து நிக்குது. மீதிக் கோடு இன்னொரு கல்லுல இருக்கணும்" என்றார். பிறகு கேட்டார். "இதோட ஜோடி எங்க?"

அது என் அம்மாவின் கல்யாணத் தோட்டில் இருந்த கல். தோட்டைப் பிரித்து, ஆளுக்கு ஒரு கல்லாக அக்காவுக்கும் எனக்கும் மூக்குத்தி செய்து போட்டிருந்தாள் அம்மா.

"எங்க அக்கா போட்டிருக்கா" என்றேன்.

"நல்லது. ரெண்டையும் ரொம்ப நாள் பிரிச்சு வெக்காதீங்க" என்று சொல்லி, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

நான் சொன்னது பொய் இல்லை. அக்கா அதைப் போட்டிருந்தாள். ஆனால் அக்கா எங்கே இருக்கிறாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறாள். பர்கூரில் இறங்கி எங்கள் ஊருக்கு வரவே இல்லை. நான் மேடத்திடம் சேர்ந்தபோது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தோம். தெரிந்தவர்கள், யாரோடாவது பெங்களூருக்குப் போயிருப்பாள் என்றார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல், மாதம் பிறந்தால் அக்காவின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்வாள். அணைந்த போன்தான். ஆனாலும் நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாதாம். அவள் என்றைக்காவது போனைத் திறந்தால் வேலை செய்ய வேண்டுமாம்.

மேடம் என் முகத்தை மறப்பதால் இந்தக் கேள்வியையும் மறந்துபோவார். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, டைப் அடித்துக்கொண்டிருக்கும் என்னைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பார். "ஏம்மா, இதோட ஜோடி எங்க?" நானும் ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்வேன். "எங்க அக்கா போட்டிருக்கா மேடம்." ஏதோ சாமிக்கு முன்னால் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது. சொல்லிக்கொண்டே இருக்கும்வரை அது உண்மையாக இருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அவர் கேட்காமல் ஒரு மாதம் போய்விட்டால் எனக்கே பதற்றமாக இருக்கும்.

என் மூன்றாவது வருடம், ஆடி மாதத்தில் ஒரு பகல். மண் அரிக்கிற ஒரு பெரியவர் வந்தார். ஆசாரிகள் தெருவில் கூட்டிப் பெருக்கிய மண்ணையும் சாக்கடை வண்டலையும் அள்ளி, தண்ணீரில் அலசி, பொடித் தங்கம் எடுப்பவர். தெலுங்குக்காரர். அவ்வப்போது வருவார். தீப்பெட்டிக்குள் பஞ்சில் வைத்து ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்திருந்தார். வேகவைத்து ஆறின ஜவ்வரிசி மாதிரி, ஒளி எதுவும் இல்லாமல் இருந்தது.

"கண்ணாடியா, கல்லா, பாத்துச் சொல்லும்மா" என்றார்.

நான்தான் வாங்கினேன். இடுக்கியால் எடுத்து எடை போட்டேன். கிட்டத்தட்டப் பதினொரு சென்ட்; நூறு சென்ட் ஒரு காரட். 'வெள்ளைக் கல் ஒன்று' என்று எழுதிவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அக்காவின் கல் என் கையில் இருந்தது, நான் அடுத்த ரசீதுக்கு கார்பன் தேடிக்கொண்டிருந்தேன்.

மேடம் மூச்சு விட்டுப் பார்த்தார். மேலே பனி மூடினதுபோல் இருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை. ஒரு சொட்டு எண்ணெயை அதன் மேல் விட்டார். எண்ணெய் பட்டதும் மூட்டம் கரைந்து, கல் கொஞ்ச நேரத்துக்குக் கண் திறந்தது. லென்ஸில் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"உன் மூக்குத்தியக் கழட்டு."

எனக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு திருப்பியும் திருகு கழலவில்லை. அவரே எழுந்து வந்து கழற்றினார். இரண்டு கல்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, லென்ஸை என்னிடம் கொடுத்தார். என் கல்லில் அந்த வெள்ளைக் கோடு ஓடிவந்து ஓரத்தில் அறுந்து நின்றது. எண்ணெய் பூசிய கல்லில், அறுந்த இடத்திலிருந்து அதே சாய்வில் மறுபடி தொடங்கி ஓடியது.

அவர் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போனார். தெலுங்கில் வெகுநேரம் பேசினார்கள். கீழே காயில் கட்டும் கடையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் பர்ஸ் கையில் இருந்தது. கல்லை அவரே வாங்கிவிட்டிருந்தார். தன் சட்டத்தை அவர் மீறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு இருந்த நிலைமையில் அது மனதில் பதியவில்லை.

"ஏன் மேடம் வெள்ளையாப் போச்சு?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆசாரி தீ. வேற நகையில வெச்சுக் கட்டும்போது, தீ தாங்கற பவுடர் பூசாம கேஸ் டார்ச் அடிச்சிருக்காரு. கல்லு வெந்துடுச்சு. கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. குப்பையோட மண்ணுக்கு வந்துடுச்சு."

"அப்ப எங்க அக்கா?"

"நகைய மாத்தக் குடுத்தவங்க உசுரோடதான இருக்கணும்" என்றார். பிறகு திரும்பினார். என் மூக்குக்கு மேலே அவர் கண் வந்ததை அன்றுதான் பார்த்தேன். "வீட்ல யார் இருக்காங்க?"

"அம்மா."

"படிப்பாங்களா?"

"தமிழ் படிப்பாங்க மேடம்."

அவர் உட்கார்ந்து, அன்றைக்கு ஒரு ரிப்போர்ட்டைத் தமிழில் சொன்னார். எப்போதும் ஆங்கிலத்தில்தான் சொல்வார். 'இயற்கை வைரம். மேற்பரப்பில் தீப்பட்ட தடம். நகைப் பட்டறையில் ஏற்பட்டது' என்று நான் கண்ணீரோடு டைப் அடித்தேன். அவர் பச்சைப் பேனாவை எடுத்துக் குனிந்து படம் வரைந்தார். கல்லையும் காகிதத்தையும் என் கையில் கொடுத்து, கல்லுக்கு பாலிஷ் மட்டும் போட வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

அந்தக் காகிதத்தைப் படித்ததிலிருந்து அம்மாவுக்கு உயிர் வந்தது. அதுவரை பாதி சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "நகைய மாத்திப் போட்டிருக்கான்னா நல்லாத்தான் இருக்கா. நம்ம மேல கோவம், அவ்ளோதான்" என்று சொல்லி, மறுசோறு போட்டுக்கொண்டாள். ரிப்போர்ட்டை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். கல்லைக் குங்குமச் சிமிழில் வைத்தாள். அவள் வந்தால் போட்டுக்கொள்வாளாம். ஓசூர் ஆசாரி தெரு மண்ணில் கிடைத்ததென்றால் மகள் ஓசூரில்தான் இருப்பாள் என்று கணக்குப் போட்டு, பர்கூர்ப் பக்கத்து நிலத்தைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு என்னோடு வந்து தங்கிவிட்டாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து, கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் போவாள். முதல் ஷிப்டுக்கு ஏறும் பெண்பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்து, "இன்னிக்கு இல்ல" என்று சொல்லி இட்லி ஊற்றுவாள். இரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது. மழை நாளில்கூடக் குடையோடு போகிறாள். தடுத்தால் கேட்பதில்லை.

மேடம் அடுத்த வருடமே கண் மங்குகிறது என்று வேலையை விட்டு, கோலாரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கல் வந்த நாளுக்குப் பிறகு, 'இதோட ஜோடி எங்க' என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஜோடி கிடைத்துவிட்டது, இனிமேல் ஏன் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கடைசி நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என் மூக்குத்தி கண்ணில் படாததால் என்னை யாரென்று தெரியாமல், "நல்லா இரும்மா" என்று பொதுவாகச் சொல்லிப் படியிறங்கினார்.

அவர் இடத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு பையன் வந்தான். படித்தவன், நல்லவன், என் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறவன். போன மாதம் ஒரு மோதிரம் வந்தது. கல்லைப் பிடித்துக்கொள்ளும் காம்பு வைக்கும்போது ஆசாரியின் டார்ச் பட்டு, கல்லின் ஒரு மூலையில் பாலாடை படிந்த மாதிரி இருந்தது. அவன் படம் வரைந்தான். மேல் வட்டத்தில், ஒரு காம்பை ஒட்டி மட்டும் பச்சைப் புள்ளிகள் வைத்தான். கீழ் வட்டத்தைக் காலியாக விட்டான். நான் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"கீழ ஒண்ணும் போடலியா தம்பி?"

"கீழ எப்படிக்கா வரும்? அங்க தங்கம் மூடியிருக்கும்ல. டார்ச் மேலாக, ஒரு பக்கமாத்தான் படும். சுத்தி எல்லாப் பக்கமும் வெந்திருந்தா, அந்தக் கல்லு நகையோட சேர்ந்து முழுசா தீக்குள்ள கெடந்திருக்கணும். தங்கமே உருகி விலகுற அளவுக்கு."

அன்று மாலை வீட்டுக்குப் போய், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றினேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எழுத்தில் 'நகைப் பட்டறையில் ஏற்பட்டது' என்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வட்டங்கள். மேல் வட்டம் முழுக்கப் பச்சைப் புள்ளி. கீழ் வட்டம் முழுக்கப் பச்சைப் புள்ளி. ஓரம், அடி, முனை, ஒரு இடம் பாக்கி இல்லை. மேடத்தின் வாய் அம்மாவுக்காக ஒன்றைச் சொல்லியிருக்கிறது. கை, உள்ளதை வரைந்திருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் இரண்டு வருடமாக நாங்கள் விளக்கேற்றிக்கொண்டிருந்தோம்.

எங்கள் கூடத்துப் பழைய நோட்டில் இருந்த கோலார் நம்பருக்கு போன் செய்தேன். என் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் உங்களோடு வேலை செய்தேன் என்றேன். "அப்படிங்களா, சந்தோசம்" என்றார், அன்னியரிடம் பேசுகிற குரலில். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"பதினொரு சென்ட், மேடம். நடுவுல அறுத்த கல்லு. உள்ள ஒரு வெள்ளக் கோடு, ஓரத்துல வந்து அறுந்து நிக்கும்."

அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"படத்தப் பாத்துட்டியா?" என்றார்.

"பாத்துட்டேன்."

"நீ பாப்பேன்னு தெரியும். லேட்டாப் பாக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

"அந்தப் பெரியவர் அன்னிக்கு என்ன மேடம் சொன்னாரு?"

"ஆசாரி தெரு மண்ணு இல்லம்மா. ஆத்தோரம், சுடுகாட்டுச் சாம்பல்" என்றார். எந்த ஆற்றங்கரை என்பதையும் சொன்னார்.

எனக்குக் கோபம் பொங்கி வந்தது. இரண்டு வருடம் என்றேன். தினமும் காலையில் என் அம்மா பஸ் நிற்கும் இடத்தில் போய் நிற்கிறாள் என்றேன். அப்போதே சொல்லியிருந்தால் போலீசுக்குப் போயிருப்பேனே என்று கத்தினேன். நான் முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எரிஞ்சதுன்னு கல்லு சொல்லும். யாரு எரிச்சாங்க, எதுக்குன்னு சொல்லாது. உன் முகத்தப் பாத்தேன். அதுக்கு மேல உள்ள இருக்கறத சொல்ல எனக்கு வாய் வரல." பிறகு, "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"உன் மூக்குத்தி மூக்குலதான இருக்கு?"

"இருக்கு."

"கழட்டாத. ஒண்ணாவது மூச்சுல இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாளே அந்த ஆற்றங்கரையின் பெயரை எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேடம் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவரை நினைத்தால் அழுகையும் வருகிறது. இரண்டில் எது பெரியது என்று எடை போட எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மாலையைப் பற்றி. போனை வைத்துவிட்டு, காகிதத்தை மறுபடி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கோயிலிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். என் கண்ணையும் பக்கத்தில் கிடந்த போனையும் பார்த்து, "யாருடி போன்ல?" என்றாள்.

"மேடம்மா. கோலார்ல இருந்து."

"நல்லாருக்காங்களா? என் பொண்ணு உசுரோட இருக்கான்னு கண்டுபுடிச்சுச் சொன்ன மகராசி. அவுங்க கண்ணு நல்லாருக்கணும்னு இப்பக்கூட வேண்டிக்கிட்டுத்தான் வர்றேன்." குங்குமச் சிமிழைத் திறந்து, உள்ளே கல் இருக்கிறதா என்று பார்த்து மூடினாள். "நாளைக்கு ஒண்ணாந் தேதி. அக்கா நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேம்மா" என்றேன். அவள் சமையலறைக்குள் போன பிறகு, போனை எடுத்துப் பண்ணினேன்.